ஓகே: பிறந்த தேதி தெரிந்த சொல்



இதழ் அச்சுக்குப் போகும் நாளன்று எங்கள் அலுவலகத்தில் விளக்கணைக்க நள்ளிரவு தாண்டிவிடும். பக்கம் வடிவமைக்கும் தம்பி கடைசிப் படியைத் தாளில் எடுத்து என் மேசையில் வைப்பார். மெய்ப்புத் திருத்துபவரின் சிவப்பு மை ஓரமெல்லாம் படர்ந்திருக்கும். சொன்ன திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்று மறுபடி ஒருமுறை பார்த்து, பக்கத்தின் வலது மூலையில் 'ஓகே' என்று எழுதி, சுருக்கொப்பமிட்டு, தேதி போடுவேன். அந்த இரண்டெழுத்து விழுந்த பிறகுதான் பக்கம் அச்சகத்துக்குப் போகும். இத்தனை ஆண்டுகளில் அதை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ! அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் ஒரு வாசகர். இரண்டு இதழ்களுக்கு முன்னால், ஒரு பக்கத்தின் அடியில் மீந்த இடத்தில் துணுக்கு ஒன்று போட்டிருந்தோம். போர்க்களத்திலிருந்து திரும்பும் படைப்பிரிவில் ஒருவரும் சாகவில்லை என்றால் பலகையில் 'பூஜ்ஜியம்' போட்டு, பக்கத்தில் 'கொல்லப்பட்டோர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தாகிய 'கே'யை எழுதுவார்களாம். அதுவே 'ஓகே' ஆயிற்றாம். படிக்க நன்றாயிருந்தது, போட்டுவிட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டையில் மூன்றே கேள்விகள் எழுதியிருந்தார். எந்தப் போர்? எந்த ஆண்டு? எந்தத் தாளில் இருக்கிறது? அட்டையின் மேலே தேதி. கீழே, 'பதில் எதிர்பார்க்கிறேன்.'

அந்தத் துணுக்கு தவறு. படிக்கச் சுவையாக இருப்பதே ஒரு செய்தியை அச்சேற்றப் போதாது என்பதை நான் மறந்தது என் பிழை. வருந்துகிறேன். அவருடைய மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடிப் படித்ததைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அந்தத் தேடல் என்னை ஒரு பத்திரிகை ஆசிரியரின் மேசைக்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் நினைக்கவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 1839ஆம் ஆண்டு மார்ச் 23, சனிக்கிழமை. 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் ஒரு குறும்புப் பத்தி வந்தது. எழுதியவர் அந்த இதழின் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 'ஓகே' அச்சில் முதன்முதலாகக் காணப்படுவது அந்தப் பத்தியில்தான்.

பத்தியின் பின்கதை இது. சாப்பாட்டு மணி அடிக்கக் கூடாது என்று பாஸ்டன் நகர நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்திருந்தது. விடுதிகளில் உணவு தயாரானதும் கைமணியை ஆட்டிக் கூப்பிடுவது அந்தக் காலத்து வழக்கம். அந்த விதியைக் கேலி செய்யவென்றே சில நண்பர்கள் ஒரு சங்கம் தொடங்கி, அதற்கு 'மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்' என்று பெயரிட்டார்கள். அவர்கள் எதிர்த்தது மணியை அல்ல, மணிக்குப் போட்ட தடையை; பெயரே தலைகீழ். இந்தச் சங்கத்தார் நியூயார்க்குக்குக் கிளம்பியதைப் பற்றி பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகை ஏதோ எழுதியது. அதற்குக் கிரீன் பதில் எழுதினார். திரும்பும் வழியில் அவர்கள் பிராவிடன்ஸ் பக்கம் வந்தால், அந்தப் பத்திரிகைக்காரர் விருந்துக்கு ஏற்பாடு செய்வார், புட்டிகளின் தக்கைகள் பறக்கும் என்று சீண்டிவிட்டு, நடுவே 'ஓ.கே.' என்று போட்டார். வாசகருக்கு விளங்க வேண்டுமே என்று பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்' என்று விரித்தும் எழுதினார்.

'ஆல் கரெக்ட்' என்றால் 'எல்லாம் சரி'. ஆங்கிலத்தில் முறைப்படி எழுதினால் முதற்சொல் 'ஏ'யிலும் அடுத்த சொல் 'சி'யிலும் தொடங்க வேண்டும். காதில் விழுகிறபடியே எழுதுகிற ஒருவர் 'ஓ'விலும் 'கே'யிலும் தொடங்கிவிடுவார். எல்லாம் சரி என்று சொல்கிற சொல்லிலேயே இரண்டு எழுத்தும் தப்பு. சிரிப்பு அதில்தான் இருக்கிறது.

அன்றைய பாஸ்டனில் இது தனி நகைச்சுவை அல்ல. 1838ஆம் ஆண்டின் கோடையிலிருந்தே பத்திரிகைக்காரர்களிடையே எழுத்துச் சுருக்க மோகம் ஒன்று பரவியிருந்தது. 'எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள்' என்பதற்கு 'ஓ.எஃப்.எம்.', சில்லறை விஷயத்துக்கு 'எஸ்.பி.', நடக்காத காரியத்துக்கு 'என்.ஜி.'. அதோடு எழுத்துப் பிழையையும் வேண்டுமென்றே கலந்தார்கள். 'ஆல் ரைட்' என்பதைத் தப்பாக எழுதி 'ஓ.டபிள்யூ.' என்றார்கள், 'நோ யூஸ்' என்பதைத் தப்பாக எழுதி 'கே.ஒய்.' என்றார்கள். இன்று பிள்ளைகள் கைப்பேசியில் தட்டும் சுருக்கங்களைப் பார்த்து மொழி அழிகிறது என்று வருந்துகிறோம். நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வேலையைச் செய்தவர்கள் பத்திரிகை ஆசிரியர்கள் என்பதை அறிந்தபோது எனக்கு அந்த வருத்தம் பாதி குறைந்தது.

அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாச் சுருக்கங்களும் சில ஆண்டுகளில் செத்துப்போயின. 'ஓ.டபிள்யூ.' என்று யாராவது இன்று சொல்கிறார்களா? 'ஓ.கே.' மட்டும் எப்படித் தப்பியது?

ஒரு தேர்தல் அதைக் காப்பாற்றியது. 1840இல் அமெரிக்க அதிபர் பதவிக்கு இரண்டாம் முறையாக நின்றவர் மார்ட்டின் வான் பியூரன், அந்நாட்டின் எட்டாவது அதிபர். நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்ற சிற்றூர்க்காரர். ஊர்ப்பெயரை வைத்து அவரை 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்றார்கள் ஆதரவாளர்கள். நம் ஊரில் தலைவர்களுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வதில்லையா, அப்படி. அதன் முதல் எழுத்துகளும் 'ஓ'வும் 'கே'யும்தான். நியூயார்க்கில் அவருடைய கட்சிக்காரர்கள் 'ஓ.கே. கிளப்' தொடங்கினார்கள். 'எல்லாம் சரி' என்ற பொருளும் 'நம்ம கிண்டர்ஹூக்காரர்' என்ற பொருளும் ஒரே முழக்கத்தில் கிடைத்தன. ஒரு செய்தியை நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்: வான் பியூரனின் தாய்மொழி டச்சு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே அமெரிக்க அதிபர் அவர். ஆங்கிலத்தின் மிகப் புகழ்பெற்ற சொல், ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொண்ட ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது.

எதிரணியான விக் கட்சியினர் சும்மா இருப்பார்களா? 1837இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் நாடு தவித்துக்கொண்டிருந்தது. 'ஓ.கே.' என்றால் 'அவுட் ஆஃப் கேஷ்', அதாவது கையில் காசில்லை என்று திருப்பி அடித்தார்கள். 'கேஷ்' என்பதையும் பிழையாகக் 'கே'யில் தொடங்கி எழுதித்தான். இன்னொரு கதையையும் கட்டினார்கள். முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கோப்புகளில் 'எல்லாம் சரி' என்பதைப் பிழையாக எழுதிக் கையெழுத்துப் போடுவார், அதுவே 'ஓ.கே.' என்றது அந்தக் கதை. வான் பியூரன் ஜாக்சனின் கையால் வளர்ந்தவர். குருவைக் கேலி செய்தால் சீடனுக்கும் அடி விழும் என்ற கணக்கு. அந்தத் தேர்தலில் வான் பியூரன் தோற்றார். வென்ற ஹாரிசன் பதவியேற்று ஒரே மாதத்தில் காலமானார். சொல் மட்டும் நாடெங்கும் ஊன்றிக்கொண்டது.

ஜாக்சன் கதையும் கூடவே ஊன்றிக்கொண்டது. அது அரசியல் மேடையில் கட்டிய கட்டுக்கதை என்பதை அடுத்த தலைமுறை மறந்தது. அதோடு பாஸ்டன் பத்தியும் மறந்துபோயிற்று. சொல் எல்லார் வாயிலும் இருக்க, பிறந்த இடம் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. வெற்றிடம் இருந்தால் கதை வந்து குடியேறுமே! அப்படித்தான் வரிசையாக வந்தன. சோக்தா என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியில் 'ஆம், அப்படித்தான்' என்னும் பொருளில் ஏறக்குறைய இதே ஒலியுள்ள சொல் உண்டு. அதிலிருந்து வந்தது என்றார்கள். அதிபர் வுட்ரோ வில்சன் இதை முழுமையாக நம்பி, கோப்புகளில் சோக்தா உச்சரிப்புக்கு ஏற்பவே எழுதிவந்தார். கிரேக்க மொழியில் 'எல்லாம் நலம்' என்பதற்கான 'ஓலா காலா'தான் என்றார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் 'ஆக் ஐ' என்றார்கள். ஓபடையா கெல்லி என்ற ரயில்வே குமாஸ்தா சரக்குச் சீட்டுகளில் போட்ட சுருக்கொப்பம் என்றார்கள். உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்கு வந்த பிஸ்கட் பெட்டியில் இருந்த கம்பெனி முத்திரை என்றார்கள். நாங்கள் போட்ட 'பூஜ்ஜியம் கொல்லப்பட்டோர்' கதையும் அதே போரைச் சேர்ந்தது.

இங்கேதான் அந்த ஆசிரியரின் கேள்விகள் வேலை செய்கின்றன. எந்தப் போர்? அமெரிக்க உள்நாட்டுப் போர். எந்த ஆண்டு? 1861இல் தொடங்கியது. பாஸ்டன் இதழில் 'ஓ.கே.' வந்ததோ 1839இல். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்த பிள்ளைக்குப் பின்னால் வந்த போர் எப்படித் தாயாக முடியும்? துணுக்கும் பிஸ்கட் கதையும் ஒரே கூட்டல் கழித்தலில் விழுந்துவிட்டன.

அந்தத் தேதியைக் கண்டுபிடித்தவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கம் நிறையாது. பெயர் ஆலன் வாக்கர் ரீட். 1906இல் பிறந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். பேச்சுமொழிச் சொற்கள், கொச்சை வழக்குகள், சுவரில் கிறுக்கியவை என்று அறிஞர்கள் தொடத் தயங்கிய இடங்களிலேயே ஆயுள் முழுக்க உழைத்தவர். 1941இல் அவர் 'ஓல்டு கிண்டர்ஹூக்' ஆதாரத்தை வெளியிட்டார். உலகம் கைதட்டியது. கேள்வி முடிந்தது என்று யாராயிருந்தாலும் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். அவர் போகவில்லை. அதற்கும் முன்னால் ஏதாவது இருக்குமோ என்று நைந்துபோன நாளிதழ்த் தொகுதிகளைத் தொடர்ந்து புரட்டிக்கொண்டிருந்தார். கணினித் தேடல் இல்லாத காலம். பத்தி பத்தியாகக் கண்ணால் படித்துத்தான் ஆக வேண்டும். இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1963, 1964 ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்ற ஆய்விதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். பாஸ்டனின் சுருக்க மோகம், 1839 மார்ச் 23, அங்கிருந்து சொல் ஊர் ஊராகப் பரவிய வழி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் காட்டினார். தன்னுடைய பழைய முடிவைத் தானே திருத்தினார் என்பது எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் அந்தத் தேதியையே முதல் சான்றாகக் கொள்கிறது.

அதற்கு முந்தைய சான்று என்று சொல்லப்பட்டவற்றையும் ரீட் போன்றவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அதில் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். டென்னசியின் சம்னர் கவுன்டி நீதிமன்றப் பதிவேட்டில் 1790ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று, அதில் 'ஓ.கே.' இருக்கிறது, அதுவும் ஆண்ட்ரூ ஜாக்சன் தொடர்புடைய குறிப்பிலேயே இருக்கிறது என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசினார்கள். மூலப் பதிவேட்டை வாங்கிக் கூர்ந்து பார்த்தபோது அது 'கே' அல்ல, 'ஆர்'. குமாஸ்தாவின் கையெழுத்தில் 'ஆர்' எழுத்தின் மேல் வளைவு சரியாக மூடாமல் விட்டுப்போயிருந்தால் 'கே' போலத்தானே தெரியும்? 'பதிவு செய்ய உத்தரவிடப்பட்டது' என்பதற்கு நீதிமன்றங்கள் போடும் வழக்கமான சுருக்கம் 'ஓ.ஆர்.'. மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ஒரு கொம்பு, ஒரு சுழி, ஒரு புள்ளி விட்டுப்போனால் சரித்திரமே மாறிப்போகும்.

ஒரு கதையை மட்டும் மற்றவற்றோடு சேர்த்துத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் 'ஆமாம், சரி' என்பதற்கு 'வாவ் கே' என்பார்கள். அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாயிலிருந்துதான் இந்தச் சொல் அமெரிக்காவில் பரவியது என்று டேவிட் டால்பி என்ற பிரிட்டிஷ் மொழியறிஞர் 1970ஐ ஒட்டி எழுதினார். தேதியிட்ட தாள் பாஸ்டனையே காட்டுகிறது. நானும் அதையே ஏற்கிறேன். ஆனால் தாள் என்பது யாரிடம் இருந்தது? அச்சு இயந்திரம் யாரிடம் இருந்தது? எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டு ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு எந்த நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் வந்திருக்கும்? சான்று இல்லை என்பதும் சில நேரம் ஒரு சரித்திரம்தான். டால்பியின் வாதத்தைப் படிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

தேர்தலுக்குப் பிறகு 'ஓ.கே.'யைத் தூக்கிச் சென்றவை தந்தியும் ரயிலும். 1844இல் மோர்ஸின் தந்தி வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஓடியது. கம்பி வழியே வரும் செய்தி முழுதாக, பிழையில்லாமல் வந்து சேர்ந்ததா என்று எதிர்முனைக்குச் சொல்ல வேண்டும். இரண்டு எழுத்தில் அதைச் சொல்லிவிடலாம். தந்தி ஊழியர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரயில் வண்டிகளை விடும் உத்தரவுச் சீட்டுகளிலும் அது ஏறியது. கேலிக்குப் பிறந்த சொல் உயிர்காக்கும் வேலைக்குப் போய்விட்டது. 1881 அக்டோபரில் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நடந்த பேர்பெற்ற துப்பாக்கிச் சண்டை 'ஓ.கே. கொரல்' என்ற குதிரைக் கொட்டிலின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. அதற்குள் சொல் கடைப் பலகை வரை வந்துவிட்டது என்று பொருள்.

நம் காலத்துக்கு வந்தால், கணினித் திரையில் அந்தப் பொத்தான். 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் 'லிசா' என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தது. 'ஓகே' ரொம்பக் கொச்சையாக இருக்கிறதே என்று யோசித்து, செய் என்ற பொருளில் 'டூ இட்' என்று பொத்தானில் போட்டுப் பார்த்தார்கள். வெளியாட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோதித்தபோது சிலர் அந்தப் பொத்தானைத் தொடவே தயங்கினார்கள். ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. என்ன என்று கேட்டால், அந்த எழுத்துருவில் இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி போதவில்லை. பெரிய 'ஐ' எழுத்து சின்ன 'எல்' போலத் தெரிந்தது. அவர் அதை 'டோல்ட்' என்று படித்திருக்கிறார். மடையன் என்று பொருள். இந்த இயந்திரம் ஏன் என்னை மடையன் என்கிறது என்பது அவர் கேள்வி. உடனே 'ஓகே'யைக் கொண்டுவந்து வைத்தார்கள். கணினித் திரைகளில் இன்றுவரை அது இருக்கிறது. மென்பொருளைத் தமிழாக்கியவர்கள் அந்தப் பொத்தானில் 'சரி' என்று போட்டார்கள். மிகப் பொருத்தமான ஆக்கம் என்பேன். பாஸ்டன் ஆசிரியர் பக்கத்திலேயே விரித்து எழுதிய அதே பொருள்தானே!

ஆனால் பேச்சில் 'சரி'யும் 'ஓகே'யும் ஒன்றாகிவிட்டனவா? எங்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு நாளில் மட்டும் காதில் விழுந்தவை: 'ஓகேங்க', 'ஓகேப்பா', 'ஓகேண்ணா', 'ஓகேடா', 'ஓகேவா?', 'அட்டைப்படம் ஓகே ஆயிடுச்சு', 'தலைப்பை அண்ணன் ஓகே பண்ணிட்டார்', 'டபுள் ஓகே'. வேற்றுமொழிச் சொல் ஒன்று நம்மோடு குடித்தனம் செய்ய வந்தால், முதலில் அதற்கு மரியாதை விகுதியையும் உறவுமுறையையும் மாட்டிவிடுவது தமிழின் வழக்கம். எழுபது வயதுப் பெரியவரிடம் வெறும் 'ஓகே' என்று முடித்துக்கொள்ள இன்னும் நமக்கு நாக் கூசுகிறது. 'சரிங்கய்யா' என்றுதான் வருகிறது. நண்பனிடம் 'சரிங்க' என்றால் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்கிறான். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு 'ஓம்' ஒன்றே இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. புதுப்படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் 'எப்படி?' என்றால் 'ஓகே' என்கிறார். நன்றாக இருந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. மோசம் என்றும் இல்லை. இதே இடத்தில் நம் பெரியவர்கள் 'பரவாயில்லை' என்பார்கள். அந்தப் 'பரவா'வும் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல்தான். வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டதால் இப்போது நம் வீட்டுப் பிள்ளை. தட்டில் பரிமாறிய குழம்பைப் பற்றி அம்மாவிடம் 'ஓகே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலெழுத்தை வைத்துச் செய்யும் பாஸ்டன் விளையாட்டு நம்மிடமும் உண்டு. 2012இல் வந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி' படத்தை ஊரே 'ஓகே ஓகே' என்றுதான் சொன்னது. 2015இல் மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி', 'ஓகே கண்மணி' ஆயிற்று. வான் பியூரனின் ஆதரவாளர்கள் செய்த அதே வேலைதான்: கையில் இருக்கும் பெயரின் முதலெழுத்துகள் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக இருக்கிறதே என்று கண்டுகொண்ட மகிழ்ச்சி.

துணுக்குக் கதைகளும் நம்மிடம் குறைவில்லை. சென்னையின் வசைச்சொல் 'கஸ்மாலம்' எப்படி வந்தது தெரியுமா என்று ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்காரத் துரைசானி வண்டியிலிருந்து இறங்கும்போது 'கேட்ச் மை ஆர்ம்', என் கையைப் பிடி என்றாளாம். வண்டிக்காரருக்கு அது கஸ்மாலமாகக் கேட்டதாம். கேட்டதும் சிரிப்பு வரும். நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் 'கஸ்மலம்' என்ற சமஸ்கிருதச் சொல் பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. மனத்தைப் பிடித்த அழுக்கு, மயக்கம் என்ற பொருளில் அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன் கேட்கும் இடம் அது. துரைசானி கப்பலேறுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே இருந்த சொல். அந்த ஆசிரியரின் மூன்று கேள்விகளைப் போட்டால் இந்தக் கதையும் நிற்காது.

நம் மொழியிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் போன்ற சொற்களுக்குத் தேதியோடு சான்று திரட்டிய பழைய நூல் உண்டு: 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்'. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இலக்கியச் சொற்களுக்கு எந்த நூலில் வருகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். நம் தெருப் பேச்சுக்கு, கொச்சைக்கு, கிண்டலுக்கு அப்படி ஆண்டு வாரியான கணக்கு எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. 'அல்வா கொடுத்தான்' அச்சில் முதலில் வந்தது எந்த இதழில்? 'மொக்கை' எந்த ஆண்டில் இன்றைய பொருளுக்கு மாறியது? 'டுபாக்கூர்' துபாஷியிலிருந்து வந்தது என்கிறார்களே, எந்தத் தாளில் இருக்கிறது? இவற்றுக்கான பதில்கள் பெரிய நூல்களில் கிடைக்காது. பழைய வார இதழ்களின் நகைச்சுவைத் துணுக்குகளில், சினிமாப் பாட்டுப் புத்தகங்களில், நாடக நோட்டீஸ்களில், யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்களில் கிடக்கின்றன.

பாஸ்டன் போஸ்ட் நாளிதழ் 1956இல் நின்றுபோனது. அதன் பழைய தாள்களை யாரோ கட்டி வைத்திருந்ததால்தான் ஆலன் வாக்கர் ரீட்டால் படிக்க முடிந்தது. நம்மிடமும் அப்படிக் கட்டிவைத்தவர் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகமாக நிற்கின்றன. வேண்டாதது என்று மற்றவர்கள் நினைத்ததைச் சேர்த்துவைத்தவர் அவர்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவோ பாட்டியோ தைத்து வைத்த தொடர்கதைத் தொகுப்புகள், தீபாவளி மலர்கள், கடிதக் கட்டுகள் இருந்தால், பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். ஒரு மதியம் உட்கார்ந்து புரட்டுங்கள். இன்று நீங்கள் பேசுகிற கொச்சைச் சொல் ஏதாவது அதில் கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்தோ கையால் எழுதியோ எங்களுக்கு அனுப்புங்கள். தாளில் ஏறாமலே உங்கள் தெருவில், சந்தையில், கடற்கரையில், தோட்டத்தில் புழங்கிய சொல்லாக இருந்தால், யார் வாயில், எந்தக் காலத்தில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். வருவதையெல்லாம் சேர்த்து, அனுப்பியவர் பெயரோடு தனிப்பகுதியாக வெளியிடுகிறோம். பக்கங்களை இப்போதே ஒதுக்கிவிட்டேன்.

அஞ்சலட்டை எழுதிய ஆசிரியர் ஐயா, உங்கள் கேள்விகளுக்கான பதில் இதுதான்: எந்தப் போரும் இல்லை, 1839, பாஸ்டன் மார்னிங் போஸ்ட், இரண்டாம் பக்கம்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதழின் பெயர், பக்க எண், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இதழ் வெளிவந்த தேதி, இவற்றை மறக்காமல் குறிப்பிடுங்கள். உங்கள் கடிதத்தின் மேலேயும் தேதி போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்